தோணியைத் தூக்கிய தேங்காயெண்ணெய்

மூடியிருக்கிற எதையும் திறந்து பார்க்காமல் என்னால் இருக்க முடியாது. கோயில் மணிக்கூட்டைத் திறந்தேன். அது பிறகு இரண்டு மாதம் ஓடவில்லை. தங்கச்சிக்குச் சீதனமாகக் கொடுத்த தையல் மெஷினைக் கலியாணத்துக்கு முதல் நாள் கழற்றிப் பூட்டினேன். ஓர் ஆணி மிச்சமாக வந்தது. மெஷின் முன்னையைவிட நன்றாகத் தைத்தது. அந்த ஆணி அங்கே என்ன செய்துகொண்டிருந்தது என்று இன்றைக்கும் யோசிப்பதுண்டு.

எங்கள் ஊர் கற்பிட்டிப் பக்கம், களப்பு என்கிற உப்பேரியை ஒட்டியது. கத்தோலிக்கக் குடும்பங்கள், ஆண்கள் எல்லாரும் தண்ணீரில் தொழில் செய்கிறவர்கள். எனக்குக் கடல் ஒத்துவராது, வள்ளத்தில் கால் வைத்தாலே வயிற்றைப் புரட்டும். அதனால் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வெள்ளைக்காரப் பட்டாளம் புத்தளத்துக்குப் பக்கத்தில் விமானத்தளம் போட்டபோது கூலியாகப் போய்ச் சேர்ந்து, இரும்பை உருக்கி ஒட்டுகிற வெல்டிங் வேலையைப் பழகிக்கொண்டேன். போர் முடிந்து பட்டாளம் போனதும் வேலையும் போயிற்று. கையை வீசிக்கொண்டு ஊருக்குத் திரும்பி வந்தேன்.

அப்போது மச்சானுடைய தோணி மணலில் கிடந்தது. மச்சான் என்றது தங்கச்சியின் புருஷனை. கொப்பறாவும் கருவாடும் ஏற்றிக்கொண்டு களப்புக்குக் குறுக்கே புத்தளம் போய்வருகிற தோணி அது. கார்த்திகை மாதப் புயலில் களப்பு பொங்கி, நங்கூரக் கயிறு அறுந்து, தோணியைக் கொண்டுவந்து மேட்டில் வைத்துவிட்டு வெள்ளம் வடிந்துபோனது. தண்ணீருக்கும் தோணிக்கும் நடுவே அறுபது காலடி தூரம் மணல். ஊர் ஆண்கள் எல்லாரும் சேர்ந்து கயிறு கட்டி இழுத்தார்கள். ஏரா, அதாவது அடியில் நீளமாக ஓடுகிற மரம், ஈரமணலுக்குள் இறங்கிவிட்டது. இழுக்க இழுக்க இன்னும் கொஞ்சம் புதைந்ததே தவிர அசையவில்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமை இழுத்தார்கள். நாலாம் ஞாயிறு யாரும் வரவில்லை.

மச்சான் அதிகம் கதைக்காதவன். அவன் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான்: "வாற மாரியிலயும் தோணி தண்ணிக்குப் போகல்லையெண்டா உடைச்சு விறகாக்கிப்போட்டு நான் கொழும்புக்குப் போறன். துறைமுகத்தில வேல இருக்காம்."

தங்கச்சி கையிலிருந்த அகப்பையைச் சட்டிக்குள்ளேயே விட்டுவிட்டு எழுந்து போனாள். எங்கள் அப்பாவும் கொழும்புத் துறைமுகத்துக்கு வேலைக்குப் போனவர்தான். எனக்கு ஒன்பது வயது, அவளுக்கு ஐந்து. கடிதமும் வரவில்லை, செத்த செய்தியும் வரவில்லை. எங்கள் வீட்டில் கொழும்பு என்ற சொல்லையே யாரும் சொல்வதில்லை.

அன்றிலிருந்து தங்கச்சி தோணியைத் தென்னோலைக் கிடுகால் மூடி, காலையும் மாலையும் குடம் குடமாய்த் தண்ணீர் ஊற்றினாள். வெயிலில் காய்ந்து பலகை பிளந்துவிட்டால் பிறகு தூக்கியும் பிரயோசனமில்லை. நானும் ஏதாவது செய்யவேண்டும் என்று நினைத்தேன். நினைத்தேன் என்று சொன்னாலும், உண்மையில் என் மண்டைக்குள் ஓடியது வேறு. அத்தனை பேர் இழுத்தும் வராத ஒன்றை எது அசைக்கும்? அதுதான் என்னைத் தூங்கவிடாத கேள்வி.

பதில் புத்தளத்தில் ஒரு பழைய இரும்பு வியாபாரியின் வளவில் கிடந்தது. முஸ்லிம் மனிதர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், நான் நானா என்று கூப்பிடுவேன். பட்டாளம் விட்டுப்போன சாமான்களை வண்டி வண்டியாய் வாங்கிக் குவித்திருந்தார். அதற்குள் மண் கொட்டுகிற லொறி ஒன்று, இயந்திரம் இல்லாமல் எலும்புக்கூடாய் நின்றது. தளத்தில் அந்த லொறிகளை நான் தினமும் பார்த்தவன். டிரைவர் ஒரு பிடியை இழுப்பான், பின்பெட்டி மலைபோல் மண்ணோடு தானாக எழும்பும். எழுப்புவது என்ன என்று ஒரு நாளும் கேட்க வாய்க்கவில்லை. இப்போது கேட்க ஆளில்லை, ஆனால் திறக்கலாம்.

கழற்றிப் பார்த்தேன். பெட்டிக்கு அடியில் இரண்டு தடித்த உருளைகள், ஒவ்வொன்றுக்குள்ளும் ஓர் இரும்புத் தண்டு. ஜக் என்றுதான் நாங்கள் சொல்வோம். உள்ளங்கை அகலத்தில் ஒரு சின்னப் பம்ப். பம்புக்கும் ஜக்குக்கும் நடுவே றப்பர் குழாய், அதற்குள் எண்ணெய். இவ்வளவுதான். எலும்பில்லாத எண்ணெய் மலையைத் தூக்கியிருக்கிறது! முதலில் நம்பவில்லை. பிறகு ஒரு கள்ளுக்கடைச் சங்கதி நினைவுக்கு வந்தது: போத்தலில் கழுத்து வரைக்கும் தண்ணீர் நிரப்பி, வாயைத் தக்கையால் அடைத்து, தக்கையில் ஓங்கி ஒரு குத்துவிட்டால் போத்தலின் அடிப்பாகம் தெறித்துப்போகும். தண்ணீர் சுருங்க மறுக்கிறது. வாயில் குத்தியதை அடி முழுக்கக் கொண்டுபோய்க் கொடுக்கிறது. எண்ணெயும் அப்படித்தான். சின்ன இடத்தில் தள்ளினால் பெரிய இடத்தில் பெரும் பலத்தோடு எழும்புகிறது. இது விளங்கியதும் நான் அந்த இரும்புக் குப்பையில் உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தேன்.

நானா வந்து எட்டிப் பார்த்தார். "என்ன தம்பி, ஜின் புடிச்சிரிக்கா?"

சொன்னேன். அவருக்கும் ஆசை பிடித்துக்கொண்டது. தோணியைத் தூக்கிவிட்டு யந்திரத்தை அவரிடமே கொண்டுவந்து விடுவது, அவர் அதை லொறிகளைத் தூக்க வைத்துக்கொள்வது என்று பேசிக்கொண்டோம். தேடல்விளக்குக்கு மின்சாரம் எடுக்கிற சின்னப் பெற்றோல் இயந்திரம் ஒன்றையும், பாதி மிச்சமிருந்த ஒட்சிசன் உருளை ஒன்றையும் அவரே தேடி எடுத்துத் தந்தார். இயந்திரம் பம்பைச் சுற்றவேண்டும், பம்ப் எண்ணெயைத் தள்ளவேண்டும், எண்ணெய்த் தொட்டியும் வால்வுகளும் கூடவே இருக்கவேண்டும். அத்தனையையும் ஒரே இரும்புச் சட்டத்துக்குள் அடக்கினால்தான் தோணி கிடக்கும் இடத்துக்குக் கொண்டுபோகலாம். அந்தச் சேற்றுமணலில் மாட்டுவண்டி இறங்காது. ஆட்கள் தோளில் தூக்கவேண்டும்.

தோளில் தூக்குவது என்றதும் எனக்கு ஓர் எண்ணம் வந்தது. எங்கள் கோயில் திருநாளில் மாதாவின் சுரூபத்தைக் கூட்டில் வைத்து நாலு பேர் சுமப்பார்கள். வருஷா வருஷம் அதே நாலு பேர். உயரமும் ஒத்து, நடையும் ஒத்துப்போனவர்கள். நான் இரகசியமாகப் போய் அந்தக் கூட்டின் தண்டுகளை அளந்து வந்தேன். அதே அகலம், அதே உயரத்தில் என் சட்டத்துக்கும் இரண்டு தண்டு வைப்பதென்று தீர்மானித்தேன். தூக்கப் பழகிய தோள்கள் ஊரிலேயே இருக்கும்போது புதிதாகப் பழக்குவானேன்?

விமானத்தள முகாமில் கழற்றிப்போட்ட கோண இரும்புகளை வெட்டினேன். சைக்கிள் லாம்புக்குப் போடுகிற காபைட் கல்லில் தண்ணீர் விட்டால் வருகிற வாயுவும் ஒட்சிசனும் சேர்ந்தால் இரும்பை உருக்குகிற சுவாலை வரும். ஒரு மூலையில் தொடங்கி வரிசையாய் ஒட்டிக்கொண்டு போனேன். முடித்து நிலத்தில் வைத்தால் மூன்று கால்தான் நிலத்தைத் தொட்டது. நாலாவது கால் நாய் கால் தூக்கினது போல நின்றது. அளந்து பார்த்தேன், வெட்டு எல்லாம் சரி. ஆத்திரத்தில் சம்மட்டியால் அடித்தேன்; வேறொரு கால் எழும்பியது.

இரண்டு நாள் அந்தச் சட்டத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன். கடைசியில் ஒட்டுகளைத் தடவிப் பார்த்தபோது புரிந்தது. உருகின இரும்பு ஆறும்போது சுருங்குகிறது, சுருங்கும்போது பக்கத்தில் இருப்பதையும் இழுக்கிறது. நான் ஒரே திசையில் ஒட்டிக்கொண்டு போனதால் இழுப்பெல்லாம் ஒரே பக்கம் சேர்ந்துவிட்டது. தளத்தில் வெள்ளைக்காரன் ஏன் முதலில் மூலைக்கு மூலை பொட்டுப் பொட்டாக வைத்தான் என்பது அப்போதுதான் விளங்கியது. அன்றைக்கு அவனுக்கு வேலை தெரியாது என்று நினைத்திருந்தேன்! எல்லாவற்றையும் அறுத்து, பொட்டு வைத்து, ஒரு மூலை ஒட்டினால் அடுத்தது அதற்கு எதிர்மூலை என்று மாறி மாறி ஒட்டினேன். நாலு காலும் நிலத்தில் உட்கார்ந்தபோது ஒட்சிசன் உருளை சீறுவதை நிறுத்திவிட்டது.

அடுத்தது எண்ணெய். நானாவிடம் பட்டாளத்து எண்ணெய் ஒரு பீப்பா இருந்தது. ஆனால் அதில் பன்றிக் கொழுப்புக் கலந்திருக்கிறது என்று யாரோ ஒரு கதையைக் கட்டிவிட்டிருந்தான்.

"மெய்யோ பொய்யோ தெரியா தம்பி. என்ட கையில பட வாணாம், அவ்வளவுதான்," என்றார் நானா.

"அப்ப எண்ணெய்க்கு எங்க போறது?"

"ஊரெல்லாம் தேங்கா. எண்ணெய்க்கா பஞ்சம்?"

சரியென்று பட்டது. நாலு கலன் தேங்காயெண்ணெய், வெள்ளைத் துணியில் வடித்து, தொட்டியில் ஊற்றினோம். அது ஆவணி வெயில். எண்ணெய் தண்ணீரைப் போல ஓடியது. இயந்திரத்தைக் கிளப்பி வால்வைத் திறந்ததும் லொறி எலும்புக்கூடு முன்பக்கம் அப்படியே எழும்பியது. நானா இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். நான் வால்வை மூடினேன், திறந்தேன், மூடினேன். லொறி என் விரல் சொல்கேட்டு எழும்பி இறங்கியது. மாலை வரைக்கும் அதையே செய்துகொண்டிருந்தேன். பெற்றோல் தீர்ந்த பிறகுதான் விட்டேன். கூப்பனுக்குப் பெற்றோல் கொடுத்த காலம் அது. நானா முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டதிலும் நியாயம் இருந்தது.

அதற்குப் பிறகும் நான் ஊருக்குக் கொண்டுபோகவில்லை. ஒரு குழாய்ப் பொருத்தில் எண்ணெய் கசிந்தது, அதைச் சரிசெய்தேன். இயந்திரத்திலிருந்து பம்பைச் சுற்றுகிற பட்டியைக் கழற்றிச் சங்கிலி போட்டேன். இரண்டு ஜக்குக்கும் தனித்தனி வால்வு வைத்தேன். மச்சான் ஒருமுறை வந்து பார்த்துவிட்டு, "மாரி வருது, மச்சான்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். எனக்கு அது காதில் விழுந்தது, மனதில் ஏறவில்லை.

மார்கழி பாதியில்தான் கொண்டுபோனேன். மழை பெய்து களப்பு நிரம்பியிருந்தது. தண்ணீர் தோணிக்கு இருபது காலடி தூரம் வரை வந்து நின்றது. வாடைக்காற்று நின்றுவிட்டால் தண்ணீர் வடிந்துவிடும், மூன்று நாலு நாள்தான் அவகாசம் என்றார்கள். வாடகை வள்ளத்தில் யந்திரத்தைக் கொண்டுவந்து கரையில் இறக்கினோம். சுரூபம் சுமக்கிற நாலு பேரும் தண்டுக்குள் தோளைக் கொடுத்தார்கள். நான் நினைத்தபடியே அசையாமல் தூக்கினார்கள். நினைக்காதது ஒன்றும் நடந்தது. அந்தத் தண்டு தோளில் பட்டதும் அவர்களுக்கு வேறு நடை வரவில்லை. இரண்டு எட்டு வைப்பதும் நிற்பதுமாகத் திருநாள் நடையே நடந்தார்கள். முன்னால் நின்றவன் தன்னையறியாமல் பிரார்த்தனையைத் தொடங்க, பின்னால் வந்தவர்கள் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்றார்கள். ஐந்து நிமிஷத்தில் போகிற தூரத்துக்கு அரை மணித்தியாலம் பிடித்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு பின்னால் போனேன்.

அடுத்த நாள் விடியக் காலையில் எல்லாரும் கூடினோம். பகல் காற்று எழும்பி அலையடிக்க முன்னம் முடிக்கவேண்டும். தோணியின் பின்பக்கத்து ஏராவுக்கு அடியில் மணலைத் தோண்டி, பனைமர உத்திரம் ஒன்றைக் குறுக்கே நுழைத்து, அதன் இரண்டு நுனிக்கும் அடியில் ஜக்குகளை நிறுத்தினோம். ஜக் மணலில் புதையாதபடி, விமானம் இறங்க விரித்திருந்த துளைத் தகடுகளை அடியில் போட்டேன். இயந்திரத்தைக் கிளப்பினேன். வால்வைத் திறந்தேன். பம்ப் கத்தியது. ஜக் அசையவில்லை.

இன்னும் திறந்தேன். கத்தல் கூடியதே தவிர ஒன்றுமில்லை. இயந்திரத்தை நிறுத்தித் தொட்டியின் மூடியைத் திறந்தேன். உள்ளே எண்ணெய் வெள்ளை வெளேரென்று உறைந்திருந்தது. இரவு முழுக்க ஈரமணலில் கிடந்த குழாய்களும் மரக்கட்டை போல விறைத்துப்போயிருந்தன. வந்த ஆத்திரத்தில் சட்டத்தை எட்டி உதைத்தேன். நானே ஒட்டிய இரும்பு, விடுமா? கட்டைவிரல் நகம் பெயர்ந்தது. மணலில் உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொண்டேன். மச்சான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றான். அந்தப் பார்வை உதையைவிட வலித்தது.

தேத்தண்ணிக் கேத்தலோடு வந்த தங்கச்சி தொட்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"இது தேங்காயெண்ணெயா அண்ணா?"

"ஓம்."

"மார்கழியில தலைக்கு வைக்கிற எண்ணெய்ப் போத்தல என்ன செய்வாய்?"

தினமும் விடியக் காலையில் போத்தலை அடுப்போரம் வைத்துவிட்டுத்தான் முகம் கழுவப் போவேன். அன்றைக்கும் அப்படித்தான் செய்துவிட்டு வந்திருந்தேன். தலையில் எண்ணெய் பளபளத்துக்கொண்டிருந்தது! தலைக்கு வைக்கிறதும் யந்திரத்துக்கு ஊற்றியதும் ஒரே எண்ணெய் என்று என் மண்டைக்குப் படவேயில்லை. ஊரே சிரித்தது. மச்சான் மட்டும் சிரிக்கவில்லை.

தங்கச்சி யாருக்கும் காத்திருக்கவில்லை. தேங்காய்ப் பொச்சுமட்டை மூட்டி, தணலை வாரித் தொட்டிக்கு அடியில் பரப்பச் சொன்னாள். பெற்றோல் தாங்கி மறுபக்கம் இருந்ததால் ஈரச்சாக்கைப் போட்டு அதை மறைத்தேன். கேத்தல் தண்ணீரைப் பம்பின் மேல் ஊற்றினோம். குழாய்க்குத் தணல் காட்டமுடியாது, றப்பர் உருகிவிடும். அவள் ஒரு குழாயைத் தூக்கித் தன் இடுப்பைச் சுற்றி இரண்டு சுற்றுச் சுற்றி, மேலே சீலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டாள். "உடம்புச் சூடு காணும்," என்றாள். மற்றக் குழாயைச் சுரூபம் சுமக்கிறவர்கள் இடுப்புச் சறத்துக்குள் சுற்றிக்கொண்டார்கள். ஊரில் மதிப்பான அந்த நாலு பேரும் அன்றைக்குக் காலையில் பிள்ளைத்தாச்சிகள் மாதிரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றது எனக்கு இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது.

தொட்டியில் வெள்ளை கரைந்து பொன்னிறம் வந்தது. திரும்பக் கிளப்பினேன். பம்பின் கத்தல் அடங்கி, தேனீயின் இரைச்சலாக மாறியது. "குழாய் துடிக்குது அண்ணா!" என்று தங்கச்சி கத்தினாள். வலப்பக்கத்து ஜக் எழும்பியது. இடப்பக்கம் எழும்பவில்லை. பாரம் குறைந்த பக்கத்துக்கு எண்ணெய் முதலில் போகிறது! அது எனக்குப் புதுச் சங்கதி. வலப்பக்கத்து வால்வைக் கொஞ்சம் மூடினேன், இடப்பக்கம் மெல்ல எழும்பியது. கொஞ்சம் திறந்தேன், வலம் முந்தியது. எவ்வளவு மூடினால் எவ்வளவு வித்தியாசம் என்று நான் மெய்மறந்து பார்த்துக்கொண்டிருக்கத் தோணி ஒரு பக்கம் சரிந்து ஒரு பலகை முறுகிச் சத்தம் போட்டது.

"அண்ணா! உனக்குத் தோணியத் தூக்கவேணுமா, இந்தச் சனியன் தூக்குதா எண்டு பாக்கவேணுமா?"

எனக்குச் சுரீரென்றது. இரண்டு வால்வையும் சரிபண்ணினேன். ஈரமணல் ஏராவை விட மனமில்லாமல் நீளமாய் ஒரு சத்தத்தோடு விட்டது. தென்னங்குற்றிகளை உருட்டி அடியில் தள்ளினார்கள். பிறகு முன்பக்கம். பிறகு கயிறு. ஒரு வருஷம் அசையாத தோணி குற்றிகளின் மேல் கிறீச்சிட்டுக்கொண்டு இறங்கி, காற்று எழும்புகிற நேரத்தில் தண்ணீரைத் தொட்டது.

தொட்டதும் ஒழுகத் தொடங்கியது. ஒவ்வொரு பலகை இடுக்கிலும் தண்ணீர் நூல்நூலாக வந்தது. எல்லாம் போய்விட்டது என்று நான் தலையில் கை வைத்தேன். மச்சான் தோணிக்குள் ஏறி, வாளியை எடுத்து, களப்புத் தண்ணீரை அள்ளி உள்ளே ஊற்றத் தொடங்கினான். அவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றே நினைத்தேன்.

"தாகம், மச்சான்," என்றான். "பலகை குடிக்கட்டும். வயிறு நிறைஞ்சா தானாப் பொருமி மூடும்."

தோணி விளிம்பளவு அமிழ்ந்தது. மூன்று நாள் அப்படியே கிடந்தது. நாலாம் நாள் காலை தண்ணீரை இறைத்தோம். உள்ளே அடி தெரிந்தது, பிறகு ஊறவில்லை. மச்சான் உள்ளங்கையால் பலகைகளைத் தடவிக்கொண்டே என்னைக் கேட்டான்:

"மெய்யைச் சொல்லு. தோணி பிளந்துபோயிருந்து, உன்ட யந்திரம் மட்டும் வேல செய்திருந்தா, உனக்குக் கவலையா இருந்திருக்குமா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "பிறகு கவலைப்பட்டிருப்பன்," என்றேன்.

"எனக்குத் தெரியும். கவலைப்பட்டவங்க எல்லாம் மூணு ஞாயிறு இழுத்துப்போட்டுப் போயிட்டாங்க. நீதான் விடாம நிண்டாய்."

அவன் பாயை விரித்துத் தனியாய்ப் புறப்பட்டான், ஒழுக்குப் பார்க்க. தங்கச்சி முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கி நின்றாள். பாய் சின்னதாகிக்கொண்டே போனது. அவள் கண் வெட்டாமல் நின்றாள், கூப்பிட்டேன், திரும்பவில்லை. அவள் முகத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. அப்பா போன வள்ளத்தையும் நாங்கள் இரண்டு பேரும் இதே கரையில் நின்றுதான் பார்த்தோம். ஒரு வருஷம் இரும்பையும் எண்ணெயையும் கட்டிக்கொண்டு அழுத நான், அதை ஒரு நாளும் நினைத்துப் பார்க்கவில்லை. இப்போது நினைத்தேன். மச்சானுக்குப் போவதற்கு ஒரு தோணியையும் நானே தூக்கிக் கொடுத்துவிட்டேனே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. கண்ணுக்கெட்டிய தூரத்தில் அந்தப் பாய் ஒரு கணம் ஒடுங்கிக் கோடாய்த் தெரிந்தது. பிறகு மறுபக்கம் காற்றை வாங்கிப் புடைத்து, எங்களைப் பார்த்துத் திரும்பியது.

தங்கச்சி தண்ணீருக்குள்ளேயே உட்கார்ந்து சத்தம்போட்டு அழுதாள். நானும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.